கருவுற்ற தாய்மாருக்கு ஏற்ற நூல் எது?

முதற்குழந்தையை எதிர்நோக்கும் பெண்ணின் உள்ளத்தில் ஐயங்கள் பல எழுவது இயல்பே. லயத்தில் மூத்தோர் ஒன்று கூறுவர். அண்டை வீட்டார் வேறொன்று கூறுவர். இந்நிலையில் நல்லதொரு தமிழ்நூல் கையிலிருப்பின் அது பெருந்துணையாகும். பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளானுக்கோ செல்லுங்கால் அத்தகைய நூல் வாங்க விரும்புவோர், அட்டைப் படத்தின் அழகை மட்டும் கண்டு வாங்கிவிடலாகாது. நான்கு செய்திகளை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, நூல் வெளிவந்த ஆண்டு. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், அன்பான மொழியால் உலகெங்கும் தாய்மார்க்குத் துணிவூட்டியது. ஆயினும், அதன் பிந்திய பதிப்புகள் சில, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்குமாறு கூறின. அவ்வாறு படுக்க வைத்தால், உறக்கத்திலேயே குழந்தை திடீரென இறக்கும் ஆபத்து மிகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1990-களில் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்குமாறு அறிவுரை மாறியது. நூல் அன்பாகப் பேசுவது மட்டும் போதாது. அது கூறும் செய்தி இன்றைய மருத்துவத்திற்குப் பொருந்தவும் வேண்டும்.

இரண்டாவது, வெளியிட்டோர் யாவர் என்பது. மாவுப்பால் விற்போர் இலவசமாக வழங்கும் கையேட்டின் நோக்கம் விற்பனையாகவும் இருக்கலாம். இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவே உலகச் சுகாதார மன்றம் 1981-இல் ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல் சாலச் சிறந்தது என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை.

மூன்றாவது, தாயைப் பழிக்காத பண்பு. பெண் குழந்தை பிறந்தமைக்குத் தாயைக் குறை கூறும் நூலை உடனே மூடிவிடுங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணுவேயாகும். அறுவை மூலம் பிள்ளை பெற்றவளையும், பால் போதாமல் வருந்துபவளையும் குற்றவாளியாக்கும் நூலும் வேண்டா. பிள்ளைப்பேற்றிற்குப் பின் நூற்றில் ஏறத்தாழ 13 பேருக்கு மனச்சோர்வு போன்ற துன்பம் நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனைச் சோம்பல் என்று ஏசும் நூலைப் படித்தவள், தன் துயரை வெளியில் சொல்ல அஞ்சுவாள், சிகிச்சையும் தாமதமாகும். கடையிலேயே இத்தகைய பக்கமொன்றைப் புரட்டிப் பாருங்கள். நூலின் இயல்பு விளங்கிவிடும்.

நான்காவது, நம் வாழ்க்கைக்குப் பொருந்துதல். நகரத்துப் பெண்ணுக்கென எழுதப்பட்ட நூலில் பால்மரம் வெட்டுதலும் பால்வாளி சுமத்தலும் புல்லுக்கு மருந்து அடித்தலும் இடம்பெறாமற் போகலாம். பாரகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. எனினும் வேறு மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. கருவுற்ற பெண் மருந்து அடிக்கும் வேலையைத் தவிர்த்தல் வேண்டும். கருவுற்றதை அறிந்தவுடன் தாதியிடம் தம் வேலையைப் பற்றிக் கூறி, மாற்று வேலைக்கு வழி கேட்டறிவது நலம்.

எந்த நூலும் பரிசோதனைக்கு ஈடாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளும் தாய்க்கு நலப் பதிவேடு ஒன்று வழங்கப்படுகிறது. நூல்களுள் முதன்மையானது அதுவே. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், வலிப்பு, பனிக்குட நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினும், நூலைப் புரட்டிக் கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இதனைத் தெளிவாகச் சொல்லாத நூல் நல்ல நூலாகாது.

வாங்கிய நூலைத் தாய் மட்டுமன்றிக் கணவரும் மாமியாரும் படித்தல் நன்று. படிக்க இயலாதோர்க்கு மற்றவர் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தாய்க்கு அச்சத்தைப் போக்கி, வீட்டார்க்குப் பொறுப்பை உணர்த்தும் நூலே வாங்கத்தக்க நூலாகும்.