வீட்டுப் பட்டறையில் எஃகுச் சைக்கிள் சட்டம்

துவிச்சக்கர வண்டியை அறியாதார் நம்மில் எவருமிலர். எனினும் அதன் சக்கரம், மணி, விளக்கு முதலியவற்றை உற்றுநோக்கும் நாம், அவை யாவற்றையும் தாங்கிநிற்கும் சட்டத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அச்சட்டத்தைப் பெருந்தொழிற்சாலைகளே செய்யவல்லன என்று பலர் எண்ணுவர். ஆயினும் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் இருந்துகொண்டே, ஒருவர் உடலுக்கென்று அளவெடுத்து, ஒவ்வொரு சட்டமாகக் கையால் அமைப்போரும் உளர். அத்தொழில் இன்னதென்பதையும், அதன் அருமை எதில் அடங்கியுளது என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம், 1885-ம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் வெளியிட்ட 'ரோவர்' வண்டியிலிருந்து வளர்ந்ததாகும். சட்டத்தின் முன்பகுதி ஏறக்குறைய ஒரு முக்கோணம்; பின்பகுதி இரு பக்கங்களிலும் முக்கோணம். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணம் உருக்குலையாது என்பது வடிவ கணிதம் பயின்றோர் அறிந்ததே. சிறிதளவு எஃகைக் கொண்டு ஒரு மனிதனைத் தாங்கும் வன்மை இதனால் கிடைக்கிறது.

குழாய்களின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 1897-ம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் மில்வார்ட் ரெனால்ட்ஸ் என்பவர், வெளிச்சுற்றளவு மாறாதிருக்க, நுனிகளில் மட்டும் சுவர் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்க்கு உரிமை பெற்றார். பொருத்தும் வெப்பமும், ஓடும்போது நேரும் இழுப்பும் நுனிகளையே மிகத் தாக்குமாதலின் அங்கே தடிப்பு வேண்டும். நடுவில் அது வீண் பாரமே. நுனியில் 0.9 மில்லிமீட்டரும் நடுவில் 0.6 மில்லிமீட்டரும் கனமுள்ள குழாய்கள் பெருவழக்கின. 1935-ம் ஆண்டில் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' என்னும் எஃகுக் குழாயை அவர் பெயர்கொண்ட நிறுவனத்தார் வெளியிட்டபின், அது பந்தய வண்டிகளிற் பெரும்புகழ் எய்தியது.

வீட்டுப் பட்டறைக்கு எஃகே ஏற்றது ஏனெனில், அலுமினியச் சட்டம் பற்றவைத்தபின், பெரும்பாலும் உலையில் அளவறிந்து மீண்டும் சூடேற்றினாலன்றி இழந்த வன்மையைப் பெறாது. டைட்டேனியத்தை இணைக்குங்கால் காற்றுப் படாமற் காக்கவேண்டும். கரிநாருக்கோ அச்சுகள் தேவை. எஃகுக்கு ஒரு தீக்குழலும், அரமும், பிடிகுறடும், பொறுமையும் இருப்பின் தொடங்கலாம். அன்றியும், நசுங்கிய எஃகுக் குழாயைச் சூடேற்றி நீக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தவும் கூடும்.

முதல் வேலை அளவெடுத்தல். தையற்காரன் உடம்பை அளப்பதுபோல, ஏறுவோரின் கால், உடல், கை ஆகியவற்றின் நீளத்தையும், எடையையும், அவர் செல்லும் வழியின் தன்மையையும் கைவினைஞர் கேட்டறிவர். பின்னர்ச் சட்டத்தின் படத்தை முழு அளவில் காகிதத்தில் வரைவர். ஆசனக் குழாயும் தலைக்குழாயும் தரையோடு சுமார் 73 பாகைச் சாய்வில் நிற்பது வழக்கம்; தலைக்குழாயில் ஒரு பாகை மாறினும் வண்டி திரும்பும் இயல்பு மாறும். குள்ளமானவர்க்கு வழக்கமான பெருஞ்சக்கரத்தோடு சட்டத்தைக் குறுக்கிச் செய்தால், வளைவில் அவர் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கலாம். அவர்க்குச் சிறு சக்கரத்தைக் கொண்டே சட்டத்தை வகுப்பது நலம். மிக உயர்ந்தோரும் மிகக் குறுகியோரும் இத்தொழிலாளரை நாடுவது இதன்பொருட்டே.

அடுத்தது குழாய் நுனிகளைக் குடைதல். ஒரு குழாய் மற்றொன்றின் வளைந்த முதுகிற் சென்று அமரவேண்டுமாதலின், அதன் நுனியைப் பிறைபோல் வெட்டவேண்டும். வளைவைக் குறித்த காகிதத்தைக் குழாயின்மீது சுற்றிக் கோடிட்டு, அரைவட்ட அரத்தால் சிறிது சிறிதாக அராவுவர். இரண்டையும் சேர்த்து விளக்கொளியிற் பிடித்தால் இடையே ஒளி ஊடுருவலாகாது. இங்கே விட்ட பிழையைப் பற்றாசு நிரப்பிவிடும் என்றெண்ணுவது பேதைமை.

இனிப் பொருத்துதல். இதுவே தொழிலின் உயிர்நிலை. நம் பொற்கொல்லர் வெண்காரமிட்டுப் பற்றாசு வைத்து ஊதும் முறையே இதற்கும் அடிப்படை. குழாயின் நுனிகளை 'லக்' எனப்படும் எஃகு உறையினுட் செருகிக் களிம்பு பூசிச் சூடேற்றுவர். எஃகு 1,400 பாகை சென்டிகிரேடுக்கு மேலேதான் உருகும். வெள்ளி கலந்த பற்றாசு சுமார் 650 பாகையிலும், பித்தளைப் பற்றாசு சுமார் 900 பாகையிலும் உருகிவிடும். ஆகவே எஃகு உருகாமலே இணைப்பு நிகழ்கிறது. உறைக்கும் குழாய்க்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே சந்து இருக்கும். பௌதிக வகுப்பில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் தானே ஏறுவதைக் கண்டோமல்லவா? அந்த நுண்புழைக் கவர்ச்சியே உருகிய பற்றாசையும் சந்தினுள் இழுத்துச் செல்கிறது. ஒரு விளிம்பில் ஊட்டிய பற்றாசு மறுவிளிம்பில் ஒளிக்கோடாய்த் தோன்றுவதே நன்னிமித்தம். சூடு குறைந்தால் அது உள்ளே புகாமல் மணிபோல் வெளியே திரண்டு நிற்கும். மிகுந்தால் களிம்பு வலியிழந்து, எஃகின்மேற் செதில் படர்ந்து, பற்றாசு ஒட்டாது விலகும்.

இதிற் சில அபாயங்களும் உள. இருபுறமும் அடைபட்ட குழாயைச் சூடேற்றினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்கவுங்கூடும். ஆதலின் முன்னரே சிறு துளையிடுவர். பழைய வெள்ளிப் பற்றாசுகள் சிலவற்றில் காட்மியம் கலந்திருந்தது. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சாகும். அஃதில்லாத பற்றாசு இப்பொழுது கிடைக்கிறதெனினும், களிம்பின் புகையும் தீயதே. எனவே காற்றோட்டமில்லாத அறையில் இத்தொழில் தகாது.

பொருத்தியபின் சட்டம் வெப்பத்தால் கோணியிருக்கக் கூடும். அதனைக் காண எளிய வழி ஒன்றுண்டு. பின்சக்கரத்தின் அச்சு அமரும் ஒரு பக்கத்திலிருந்து ஒரு நூலைக் கட்டித் தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கத்திற்குக் கொணர்ந்து, ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளப்பர். இரண்டும் ஒத்திருப்பின் சட்டத்தின் பின்பகுதி நடுவில் நிற்கிறதென்று கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின் அரமும் வண்ணமும் யாவற்றையும் மறைத்துவிடுகின்றன. இங்கேதான் நாம் கருதவேண்டிய செய்தி உளது. விளிம்பிற் பளபளப்பாக ஒளிக்கோடு தோன்ற, உள்ளே பற்றாசு பாதியும் பரவாதிருத்தல் கூடும். வாங்குவோர் அதனை அறியார். மலைச்சரிவில் விரைந்து இறங்குங்கால் தலைக்குழாயின் பொருத்து விடுபடுமாயின், ஏறியவர் நிலைமை யாதாகும்? ஆகையால் புதிதாய்க் கற்போர் துண்டுக் குழாய்களிற் பல பொருத்துகள் செய்து, அவற்றை வாளால் நெடுக அறுத்து உள்ளே நோக்குவர். வெற்றிடம் காணின் மறுபடியும் தொடங்குவர். முதற் சட்டத்தைப் பிறர்க்கு விற்காமல் தாமே ஏறிப் பார்ப்பதும் அறிவுடையோர் கொள்கை.

இத்தகைய சிறு முயற்சி வீண் போகாதென்பதற்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவில் காலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோ பிரீஸ் என்னும் இளைஞர், ஆல்பர்ட் ஐசென்ட்ராவுட் என்னும் கைவினைஞரிடம் சட்டம் அமைக்கக் கற்றார். பழைய கனத்த வண்டிகளில் மலைப்பாதையில் இறங்கி விளையாடிய அவர், 1977-ம் ஆண்டில் அப்பாதைக்கென்றே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களால் ஒரு சட்டத்தைத் தம் கையாற் செய்தார். உலகெங்கும் பரவிய மலைச் சைக்கிளின் முன்னோடிகளுள் அது ஒன்றாகும்.

தொழிற்சாலைகளை நாம் இகழ்வதற்கில்லை; ஏழையும் சைக்கிள் ஏறுவது அவற்றாலன்றோ? ஆனால், பிறர் காணமாட்டாத சந்தினுள்ளும் பற்றாசு நிறைந்துளதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கைவினைஞன் நமக்கும் ஒரு பாடம் கற்பிக்கிறான். பரீட்சைத் தாளிலும், பின்னர் நாம் ஏற்கும் அலுவல்களிலும், வண்ணம் பூசி மறைக்கத்தக்க பொருத்துகள் பல உள. அவற்றை நம்பி ஏறுவோர் பிறர் என்பதை மறவாதிருப்போமாக.