ஒரு டொலருக்கு விலைபோன அதிகாரம்

வங்கியொன்றின் வாசலிலோ, பெரிய ஆஸ்பத்திரியின் படலையிலோ சீருடையும் தொப்பியும் அணிந்து நிற்கும் காவலாளரைக் கண்டதும், "இவர் பொலிஸ்காரரா?" என்று நம் வீட்டுச் சிறுவர்கள் கேட்பதுண்டு. "இல்லை, இவர் கம்பனிக் காவலாளர்" என்று பதில் கூறிவிட்டு அப்பால் நடந்துவிடுகிறோம். ஆனால், அந்தச் சிறு கேள்விக்குள் ஒரு பெரிய கேள்வி மறைந்து கிடக்கிறது. பொலிஸ்காரருக்கும் காவலாளருக்கும் உடையில் அதிக வேற்றுமையில்லை. அப்படியாயின், அவ்விருவரையும் பிரித்து வைக்கும் கோடு எது? அந்தக் கோட்டை வரைபவர் யார்? அது அழிந்துபோனால் என்ன நேரும்?

இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்பது நன்று. தனியார் கையில் பொலிஸ் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அதனைத் திரும்பப் பெறுவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பட்டபாட்டை அங்கே நாம் காணலாம்.

சட்டம் பிறந்த கதை

பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதி மலைப்பாங்கானது. அம்மலைகளின் அடியில் 'அந்திரசைற்' எனப்படும் உயர்ந்த வகை நிலக்கரி ஏராளமாய்ப் புதைந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரெயில் பாதைகளும் சுரங்கங்களும் இரும்பு உலைகளும் அங்கே பெருகின. அயர்லாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும், பின்னர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஏழைத் தொழிலாளர் வந்து குவிந்தனர். மக்கள் பெருகிய வேகத்தில் காவல் பெருகவில்லை. மாவட்டத்துக்கு ஒரு 'ஷெரீப்'. அவருக்குத் துணையாகச் சிலர். மாநிலம் முழுவதற்கும் பொதுவான பொலிஸ் படை என ஒன்று அன்று இருக்கவில்லை.

"எங்கள் சொத்துக்குக் காவல் வேண்டும், அரசாங்கத்தால் இயலாதெனில் நாங்களே காவலரை வைத்துக்கொள்கிறோம்" என்று கம்பனிகள் கேட்டன. கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. சரக்குக் களவு போயிற்று. சுரங்க மேற்பார்வையாளர் சிலர் கொலையுண்டதும் உண்மையே. 1865ஆம் ஆண்டு பென்சில்வேனியாச் சட்டசபை ரெயில் கம்பனிகளுக்கு அந்த உரிமையை வழங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே, 1866இல், நிலக்கரிச் சுரங்கம், உலை, இரும்பாலை ஆகியவற்றின் உடைமையாளர் அனைவருக்கும் அவ்வுரிமை விரிக்கப்பட்டது. இவ்வாறு பிறந்ததே 'நிலக்கரி, இரும்புப் பொலிஸ்' என்னும் படை.

ஏற்பாடு மிக எளிமையானது. கம்பனி தனக்கு வேண்டியவரின் பெயரை மனுவில் எழுதி அனுப்பும். மாநிலக் கவர்னர் அவருக்கு நியமனப் பத்திரம் வழங்குவார். பத்திரம் ஒன்றுக்குக் கட்டணம் ஒரே ஒரு டொலர். அந்தப் பத்திரம் கையில் கிடைத்ததும், பிலடெல்பியா நகரத்துப் பொலிஸ்காரருக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அவருக்கும் உண்டு. கைது செய்யலாம், ஆயுதம் தாங்கலாம். சம்பளம் மட்டும் கம்பனியின் கையிலிருந்து வரும். வேண்டாமென்று கம்பனி எழுதினால் அவருடைய அதிகாரமும் அன்றோடு முடியும். இவ்விதம் வழங்கப்பட்ட பத்திரங்கள் மொத்தம் 7,600க்கும் மேற்பட்டவை.

இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். கம்பனி தன் பொருளைக் காக்க ஆள் வைப்பது தவறன்று. நம் தோட்டத்துக்கு நாமும் காவற்காரர் வைக்கிறோமல்லவா? தவறு வேறிடத்தில் இருந்தது. அரசாங்கம் தன் அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் அதைத் தாங்குபவரின் ஒழுக்கத்தையும் பயிற்சியையும் செயலையும் கண்காணிக்கும் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரே கையில் எல்லாம்

சுரங்கக் கிராமங்களில் வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, தெருவுங்கூடக் கம்பனியுடையது. நம் மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவற்றோடு பொலிஸும் கம்பனியுடையதாகிவிட்டால் தொழிலாளி யாரிடம் சென்று முறையிடுவான்? வேலைநிறுத்தம் தொடங்கினால், குடும்பத்தைப் பெட்டி படுக்கையோடு தெருவில் இறக்கி விடுபவர் அந்தப் பொலிஸாரே. சங்கம் அமைக்க வருபவரை ஊருக்குள் விடாமல் தடுப்பவரும் அவரே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர், தம் பழைய நாட்டுக் குதிரைப்படையை நினைந்து, அவர்களைக் 'கொசாக்குகள்' என்று அழைத்தனர்.

1870ஆம் ஆண்டுகளில் நடந்த 'மொலி மக்வயர்' வழக்குகள் இதன் உச்சம். ஐரிஷ் சுரங்கத் தொழிலாளரிடையே இரகசியக் கொலைக்கூட்டம் ஒன்று இருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ரெயில் கம்பனித் தலைவரான பிராங்க்ளின் கோவன், பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார். அதன் ஒற்றரான ஜேம்ஸ் மக்பார்லன் மாற்றுப் பெயரில் தொழிலாளரோடு தொழிலாளராய் வாழ்ந்து செய்தி சேகரித்தார். சந்தேகத்துக்குரியோரைப் பிடித்ததில் நிலக்கரி, இரும்புப் பொலிஸாருக்குப் பெரும் பங்கு உண்டு. வழக்கு மன்றத்தில் அரசாங்கத் தரப்பில் எழுந்து வாதாடியவர்களுள் கோவனும் ஒருவர்! துப்பறிந்தது தனியார், பிடித்தது தனியார், வாதாடியதும் தனியார். அரசாங்கம் தந்தவை நீதிமன்றக் கட்டிடமும் தூக்குமரமுமே எனலாம். 1877ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி ஒரே நாளில் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டனர். மொத்தத்தில் இருபது பேர் உயிரிழந்தனர்.

அவர்களுள் குற்றவாளிகளும் இருந்திருக்கலாம். ஆயினும், குற்றவாளி யார், நிரபராதி யார் என்று இன்றுவரை ஐயம் தீராமைக்குக் காரணம் அந்த விசாரணை நடந்த முறையேயாகும். அவர்களின் தலைவரெனக் கூறப்பட்டுத் தூக்கிலிடப்பட்ட ஜோன் கீஹோ என்பவருக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து, 1979ஆம் ஆண்டில் பென்சில்வேனியாக் கவர்னர் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு வந்தது, மனிதர் வரவில்லை.

விழித்துக்கொண்ட அரசாங்கம்

1902ஆம் ஆண்டில் அந்திரசைற் சுரங்கங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் நேரடியாகத் தலையிட்டு விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். கம்பனிப் பொலிஸை வைத்திருப்பது அமைதிக்கு உதவுவதற்குப் பதிலாக அதற்கு ஊறே விளைவிக்கிறது என்றும், அமைதியைப் பேணுவது பொதுச் செலவில் இயங்கும் பொது உத்தியோகத்தரின் கடமை என்றும் அக்குழு எடுத்துரைத்தது. அதன் பின்னர், 1905இல், கவர்னர் சாமுவேல் பெனிபக்கரின் காலத்தில், பென்சில்வேனியா மாநிலப் பொலிஸ் படை தோன்றிற்று. தொடக்கத்தில் அதன் பலம் 228 பேர்.

பொதுப் பொலிஸ் வந்துவிட்டது. கம்பனிப் பொலிஸ் போய்விட்டதா? இல்லை. கொடுப்பது எளிது, மீட்பது அரிது என்பது கடன் விஷயத்தில் மட்டுமா உண்மை? மேலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக அது நீடித்தது.

1929ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஜோன் பார்க்கோஸ்கி என்ற சுரங்கத் தொழிலாளி கம்பனிப் பொலிஸாரால் அடித்துக் கொல்லப்பட்டார். மாநிலமெங்கும் கொதிப்பு எழுந்தது. அப்போது சட்டசபையில் இளைஞரொருவர் இருந்தார். பெயர் மைக்கேல் மஸ்மானோ. இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் சுரங்கத்திலும் உழைத்து, வழக்கறிஞராய் உயர்ந்தவர். கம்பனிப் பொலிஸ் முறைக்கு எதிராக அவர் கொண்டுவந்த மசோதாவைக் கவர்னர் நிராகரித்து, அதனினும் மென்மையான வேறொரு சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். மஸ்மானோ சோர்ந்துவிடவில்லை, அச்சம்பவத்தைக் கதையாக எழுதினார். அக்கதையைத் தழுவி 'பிளாக் பியூரி' என்ற திரைப்படம் 1935இல் வெளிவந்தது. பிற்காலத்தில், நியூரெம்பேர்க் நகரில் நாஸிக் கொலைப்படைத் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவரும் இதே மஸ்மானோதான்.

முடிவு 1931இல் வந்தது. கவர்னர் கிபர்ட் பின்ஷோ கம்பனிப் பொலிஸாரின் நியமனப் பத்திரங்களை ரத்துச் செய்தார். 1865இல் திறந்த கதவு அவ்வாறு அடைபட்டது.

இன்றைய நிலை

அப்படியானால் தனியார் பொலிஸ் உலகத்தில் எங்குமே இல்லையா? உண்டு. ஆனால், இன்று அதற்கு அரசாங்கம் வேலி கட்டி வைத்திருக்கிறது. கனடாவில் பெரிய ரெயில் கம்பனிகளுக்குச் சொந்தப் பொலிஸ் இருக்கிறது. அவர்களை நியமிப்பவர் நீதிபதி. அவர்களுடைய அதிகாரம் ரெயில்வே சொத்திலும் அதிலிருந்து 500 மீற்றர் தூரத்துக்குள்ளுமே செல்லும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கம்பனிப் பொலிஸுக்கெனத் தனிச் சட்டம் உண்டு. சட்டமா அதிபரிடமே நியமனம் பெறவேண்டும்; பயிற்சி வேண்டும்; காப்புறுதி வேண்டும்; பொதுவாக வேலைகொள்பவரின் எல்லைக்குள்ளேயே அதிகாரம். பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் காவலாளர் தத்தம் பெயரில் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும்.

நம் நாட்டிலும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆயினும், அந்நிறுவனங்களின் காவலாளர் பொலிஸாரல்லர். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை எந்தவொரு குடிமகனுக்கும் ஓர் உரிமையை அளிக்கிறது. பாரதூரமான சில குற்றங்களைத் தன் கண்முன்னே செய்பவரைப் பிடித்து, தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்கலாம். உங்களுக்கும் எமக்கும் உள்ள அதே உரிமைதான் வாசற் காவலாளருக்கும் உண்டு.

இவற்றிலிருந்து மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய கேள்விகள் நான்கு. காவலரை நியமிப்பவர் யார்? அவருடைய அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அவருக்குப் பயிற்சி தந்தவர் யார்? அவர் தவறு செய்தால் முறையிடுவது யாரிடம்? இந்நான்குக்கும் தெளிவான விடை இருக்குமிடத்தில் காவல் காவலாக இருக்கும். விடையில்லாத இடத்தில், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும்.

இனி ஒருநாள் நம் வீட்டுச் சிறுவர் வங்கி வாசலில் அதே கேள்வியைக் கேட்டால், அவசரமாய்ப் பதில் கூறிவிட்டு நடக்காதிருப்போம். சற்று நின்று, "இவர் பொருளைக் காப்பவர், பொலிஸார் சட்டத்தைக் காப்பவர். அவ்விரண்டையும் ஒன்றாக்கிய ஊரொன்று இருந்தது" என்று இக்கதையைத் தொடங்கலாம். வெயிலிலும் மழையிலும் அங்கே நிற்கும் அம்மனிதருக்கு ஒரு வணக்கமும் சொல்லலாம். அதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.