வறியோர் சட்டத்திலிருந்து நகராட்சி மருத்துவமனைக்கு: இங்கிலாந்தின் உள்ளாட்சி மருத்துவ ஏற்பாடு (1900 – 1939)

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நோயுற்ற ஒருவர் எந்த மருத்துவமனையில் சேர்க்கப்படுவார் என்பதை அவரது நோயோடு அவரது பொருள்நிலையும் தீர்மானித்தது. உள்ளூர் வரியால் நடைபெற்ற மருத்துவமனையில் சேர்ந்தவர் வறியவராகக் கருதப்பட்டாரா, குடிமகனாகக் கருதப்பட்டாரா என்பதைச் சட்டங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மூவகை மருத்துவமனைகள்

அக்காலத்தில் மூவகை மருத்துவமனைகள் இயங்கின. முதலாவது, நன்கொடையாலும் சந்தாவாலும் நடைபெற்ற தன்னார்வ மருத்துவமனைகள். இவை விரைவில் குணமாகத்தக்க நோயாளிகளையே பெரிதும் ஏற்றன. நாட்பட்ட நோயாளிகளையும் தொற்றுநோயாளிகளையும் பொதுவாகத் தவிர்த்தன. இரண்டாவது, 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத் திருத்தத்தின்படி அமைந்த பாதுகாவலர் குழுக்களின் மருத்துவ இல்லங்கள். ஏழை முதியோர்க்கும் நாட்பட்ட நோயாளிகளுக்கும் பெரும்பாலும் இவையே புகலிடமாயின. மூன்றாவது, 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அளித்த அதிகாரத்தால் உள்ளாட்சிகள் அமைத்த தொற்றுநோய் மருத்துவமனைகள்.

பின்னிரண்டும் உள்ளூர் வரியால் நடைபெற்றவையே. எனினும் தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்வது ஊரைக் காக்கும் ஏற்பாடாகக் கொள்ளப்பட்டது. பாதுகாவலரின் மருத்துவ இல்லத்தில் சேர்வதோ வறியோர் உதவி பெறுவதாகக் கணக்கிடப்பட்டது.

உதவியும் உரிமையும்

வறியோர் உதவி பெற்றவர் வாக்குரிமையை இழக்க நேர்ந்தது. மருத்துவ உதவி மட்டும் பெற்றோர்க்கு 1885ஆம் ஆண்டுச் சட்டம் இத்தடையை நீக்கியது. 1918ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வறியோர் உதவி பெற்ற ஏனையோர்க்கும் நீக்கியது. சட்டத்தடை அகன்ற பின்னும் அந்த இல்லங்களைப் பற்றிய அச்சமும் இழிவுணர்வும் அகலவில்லை.

1905இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1909இல் இரு அறிக்கைகளை அளித்தது. பியட்ரிஸ் வெப் முதலானோரின் சிறுபான்மை அறிக்கை, நோயுற்ற வறியோரின் மருத்துவத்தைப் பொதுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்க வேண்டியது. அப்போது அது சட்டமாகவில்லை. எனினும் பிராட்ஃபோர்டு நகராட்சி 1920இல் பாதுகாவலரின் செயின்ட் லூக் மருத்துவமனையை ஏற்றுப் பொது மருத்துவமனையாக நடத்தத் தொடங்கியது.

1929ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம்

சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லின் கொணர்ந்த இச்சட்டத்தால் 1930 ஏப்ரல் 1 முதல் பாதுகாவலர் குழுக்கள் ஒழிந்தன. அவற்றின் மருத்துவ இல்லங்கள் கவுண்டி மன்றங்களுக்கும் கவுண்டி பரோ மன்றங்களுக்கும் உரியவாயின. அவற்றை நடத்த மன்றங்களுக்கு இரு வழிகள் இருந்தன. பொது உதவிக் குழுவின்கீழ் விட்டால் வறியோர் சட்டமே தொடரும். பொதுச் சுகாதாரக் குழுவின்கீழ்க் கொணர்ந்தால் நோயாளி வறியோர் உதவி பெறுபவராகமாட்டார். இயன்றவரிடம் செலவைத் திரும்பப் பெறவும் சட்டம் வழிசெய்தது.

இரண்டாம் வழி கட்டாயமாக்கப்படவில்லை. இலண்டன் கவுண்டி மன்றம் அதனைப் பரவலாக மேற்கொண்டது. பல மன்றங்கள் மேற்கொள்ளவில்லை. ஆகவே ஒரே நோய்க்கு ஓர் ஊரில் குடிமகனாகவும் அடுத்த ஊரில் வறியவராகவும் ஒருவர் சிகிச்சை பெறும் நிலை ஏற்பட்டது.

முடிவுரை

1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது இம்மருத்துவமனைகள் உள்ளாட்சியின் பொறுப்பிலிருந்து நீங்கின. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம் வறியோர் சட்டத்தையும் முடிவுக்குக் கொணர்ந்தது. எனவே, இடைப்பட்ட காலத்தை ஆராய்வோர் படுக்கைகளின் எண்ணிக்கையோடு, அவை எந்தக் குழுவின்கீழ் இருந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும். நோயாளியின் தகுநிலையை வகுத்தது அதுவே.