பாய்மரப் படகில் ஜிப் ஷீட்: கட்டுறதைவிட விடுவிக்கிறதுதான் முக்கியம்!

'ஷீட்'னா பாய்னு நினைச்சுடாதீங்க. பாய்மரப் படகில் அது கயிறு! முன்பக்கம் இருக்கும் சின்ன முக்கோணப் பாய்தான் ஜிப். 4.2 மீட்டர் நீளமுள்ள '420' படகில் இரண்டு பேர் போவாங்க. ஒருத்தர் சுக்கான் பிடிக்க, ஜிப்பைக் கவனிக்கிறது இன்னொருத்தர் வேலை.

எப்படிக் கட்டணும்?

ஒரே நீளக் கயிற்றின் நடுப்பகுதியை ஜிப்பின் பின்கீழ் மூலை வளையத்தில் மாட்டணும். ஒரு முனை இடப்பக்கம், மறுமுனை வலப்பக்கம். ஒவ்வொன்றும் வழிகாட்டி வளையத்துக்குள் நுழைந்து 'கேம் க்ளீட்'டுக்கு வரும். கயிற்று முனையில் எட்டு வடிவ முடிச்சு அவசியம். இல்லைன்னா காற்று வேகத்தில் கயிறு வளையத்திலிருந்து உருவிப் போயிடும். ஜிப் கட்டுப்பாடில்லாம படபடக்கும்.

கேம் க்ளீட் எதுக்கு?

ஸ்பிரிங் வைத்த, பல் உள்ள இரண்டு தாடைகள்தான் இது. கயிற்றை இழுத்துவிட்டா கவ்விக்கும். லேசா இழுத்து மேலே சுண்டினா விட்டுடும். திடீர்னு காற்று அடிச்சு படகு சாயும்போது அந்த ஒரு சுண்டல்தான் உங்களைக் காப்பாத்தும். அதனால, க்ளீட்டுக்கு மேல கூடுதலா முடிச்சுப் போடவே கூடாது.

தண்ணீரில் இறங்கும் முன், படகின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு கையால் சுண்டிப் பாருங்க. கயிறு உடனே விடுபடலையா? க்ளீட்டின் கோணத்தைச் சரிசெய்த பிறகு கிளம்புங்க!