மச்சு பிச்சுவுக்கு 4 நாள் நடைபயணம்: ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி... வழிகாட்டி இல்லாமல் ஏன் போக முடியாது?

பச்சை மலை முகட்டில் மேகத்துக்கு நடுவே ஒரு கல் நகரம். பெரு நாட்டின் மச்சு பிச்சு போட்டோவை எங்காவது ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. அங்கே போக ரெண்டு வழி இருக்கு. மலையடிவாரம் வரை ரயில், அங்கிருந்து பஸ் என்பது ஒன்று. இன்கா மக்கள் போட்ட கல் பாதையிலேயே 4 நாள் நடந்து, 3 இரவு கூடாரத்தில் தங்கிப் போவது இன்னொன்று.

ரெண்டாவது வழிக்கு உலகம் முழுக்க பயங்கர டிமாண்ட். ஆனால் நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிட்டு கிளம்ப முடியாது. என்ன விதிகள், உடம்புக்கு என்ன ஆபத்து, யாரை நம்பி பணம் கட்டலாம்? விரிவாகப் பார்ப்போம்.

இன்கா பாதை என்றால் என்ன?

'இன்கா' என்பது முதலில் அரசரைக் குறித்த சொல். அவர்கள் தங்கள் பேரரசை 'தவாந்தின்சுயு' என்று அழைத்தார்கள். கெச்சுவா மொழியில் 'நான்கு பகுதிகள் சேர்ந்தது' என்று பொருள். அதன் தலைநகரம் குஸ்கோ.

இந்தப் பேரரசு முழுவதையும் இணைத்த சாலை வலைப்பின்னலுக்கு 'கபாக் நியான்' என்று பெயர். நீளம் 30,000 கிலோமீட்டருக்கும் மேல். இன்றைய பெரு, ஈக்வடார், பொலிவியா, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா என 6 நாடுகளில் இது பரவிக் கிடக்கிறது. 2014-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இன்கா மக்களிடம் சக்கர வண்டி கிடையாது, குதிரை கிடையாது, இரும்புக் கருவியும் கிடையாது. சாலையில் போனது மனிதர்களும், லாமா என்ற சுமை விலங்கும்தான். அதனால்தான் மலை செங்குத்தாக வரும் இடத்தில் வளைந்து வளைந்து போகாமல், நேராகப் படிக்கட்டு வெட்டி ஏற்றிவிட்டார்கள். நடக்கிறவர்களின் முழங்காலைப் பதம் பார்ப்பதும் அதே படிக்கட்டுதான்!

இன்றைக்கு சுற்றுலாப் பயணிகள் 'இன்கா பாதை' என்று சொல்வது அந்தப் பெரிய வலைப்பின்னலில் ஒரு சின்னத் துண்டு. ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டரில் தொடங்கி மச்சு பிச்சு வரை சுமார் 43 கிலோமீட்டர்.

மச்சு பிச்சுவை கட்டியது யார்?

15-ம் நூற்றாண்டில் ஆண்ட பச்சகுட்டி என்ற அரசருக்கான மாளிகை நகரம் இது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. இங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 2021-ல் வெளியான கதிரியக்கக் கார்பன் ஆய்வு, சுமார் 1420 முதல் 1530 வரை மக்கள் இங்கே இருந்தார்கள் என்றது. அதாவது, சுமார் நூறு வருடம்தான் இந்த ஊர் உயிரோடு இருந்தது. 1532-ல் ஸ்பானியர்கள் வந்து பேரரசர் அதவால்பாவைச் சிறைபிடித்த பிறகு எல்லாம் சரிந்தது.

1911 ஜூலை 24 அன்று அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்காம் இங்கே வந்து சேர்ந்தார். 'அவர்தான் கண்டுபிடித்தார்' என்று பல இடங்களில் எழுதுவார்கள். ஆனால் அவரைக் கூட்டிப்போனது மெல்சோர் ஆர்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. அவர்கள் மேலே ஏறியபோது, அந்தப் பழைய படிக்கட்டு வயல்களில் விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. உலகத்துக்குத்தான் அது தொலைந்துபோன நகரம். ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்த இடம்தான்.

வழிகாட்டி ஏன் கட்டாயம்?

ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பாதையில் நடக்கலாம். விளைவு? வழியெல்லாம் குப்பை, இடிபாடுகளுக்குள்ளேயே சமையல், தேய்ந்துபோன கல் பாதை. 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெரு அரசு விதிகளைக் கடுமையாக்கியது. இப்போது நிலைமை இதுதான்:

• ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. இதில் சுமை தூக்குவோர், சமையல்காரர், வழிகாட்டி எல்லாரும் அடக்கம். பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம்தான்.

• உரிமம் பெற்ற நிறுவனம் அல்லது வழிகாட்டி மூலமாக மட்டுமே போக முடியும்.

• ஒரு குழுவில் அதிகபட்சம் 16 பயணிகள்.

• அனுமதிச் சீட்டு உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு இணைக்கப்படும். பெயரையோ தேதியையோ மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது. நுழைவிடத்தில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டணும்.

• ட்ரோனுக்குத் தடை. ஊன்றுகோல் கொண்டுபோகலாம், ஆனால் முனையில் ரப்பர் மூடி இருக்கணும். இரும்பு முனை கல்லைத் தேய்த்துவிடும்.

• பிப்ரவரி மாதம் முழுவதும் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படும். மச்சு பிச்சு நகரம் மட்டும் அப்போதும் திறந்திருக்கும்.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு என்று கேட்கலாம். 2000-ம் ஆண்டில் மச்சு பிச்சுவில் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பு நடந்தது. அதில் கிரேன் சாய்ந்து, 'இன்டிவதானா' என்ற புனிதக் கல்லின் ஒரு முனை உடைந்தது. ஸ்பானியர் கையில் சிக்காமல் தப்பிய கல், விளம்பரத்துக்கு நடுவே உடைந்துபோனது. அதை இனி பழையபடி ஆக்க முடியாது.

4 நாளும் எப்படி இருக்கும்?

முதல் நாள்: உருபம்பா ஆற்றைக் கடந்து நடை தொடங்கும். ஏற்றம் அதிகம் இல்லை. அடுக்கடுக்கான படிக்கட்டு வயல்களோடு பட்டலாக்டா என்ற பழைய ஊர் கண்ணில் படும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும் நாள் இது. அந்த நினைப்பில் வேகமாக நடந்து சக்தியைத் தீர்த்துவிட வேண்டாம்.

இரண்டாம் நாள்: இதுதான் சோதனை. சுமார் 3,000 மீட்டரில் இருந்து 4,215 மீட்டர் உயரமுள்ள 'வார்மிவன்யுஸ்கா' கணவாய் வரை ஒரே ஏற்றம். பெயரின் பொருள் 'இறந்த பெண்'. தூரத்தில் இருந்து பார்த்தால் மலை முகடு மல்லாந்து கிடக்கும் பெண்ணைப் போலத் தெரியுமாம், அதனால் வந்த பெயர். ஏறி முடித்ததும் மறுபக்கம் சுமார் 600 மீட்டர் இறங்கணும்.

மூன்றாம் நாள்: பாதையின் அழகே இன்றைக்குத்தான். வட்ட வடிவ ருன்குரக்காய், மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சயக்மார்கா, 'மேகங்களுக்கு மேலுள்ள ஊர்' எனப் பொருள்படும் புயுபட்டமார்கா என்று இடிபாடுகள் வரிசையாக வரும். கடைசியில் வின்யாய் வைனா. 'என்றும் இளமை' என்று பொருள், இந்தப் பகுதியில் பூக்கும் ஓர் ஆர்கிட் மலரின் பெயரும் அதுதான். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் இதில் எதையும் பார்க்க முடியாது.

நான்காம் நாள்: அதிகாலை 3 மணி வாக்கிலேயே எழுப்பிவிடுவார்கள். சோதனைச் சாவடி திறப்பதோ 5.30 மணி அளவில்தான். அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம்? சுமை தூக்குவோர் கூடாரங்களை மடித்து எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி அவர்களுக்கான ரயிலைப் பிடிக்கணும். அதுக்காகத்தான். பிறகு 'இன்டி புங்கு' என்ற சூரிய வாசல் வழியாக நுழைந்தால், கீழே மச்சு பிச்சு. மேகம் மூடியிருந்தால் கொஞ்சம் காத்திருக்கணும்.

உண்மையான ஆபத்து எது?

நிறைய பேர் மச்சு பிச்சுதான் ரொம்ப உயரம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது 2,430 மீட்டரில்தான் இருக்கிறது. நீங்கள் விமானத்தில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர்! கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவில் இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த உயரத்துக்குப் போய்விடுவீர்கள். உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது.

உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். 4,200 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமல் போவது எல்லாம் இதன் ஆரம்ப அறிகுறிகள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது வந்தால் அது அவசர நிலை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை.

இங்கதான் சிக்கலே. பாதையில் வண்டி வர சாலை கிடையாது. நடந்தோ, மற்றவர்கள் தூக்கியோதான் இறக்க முடியும். அதனால் அறிகுறியை மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லிடணும். 'குரூப்புக்கு நம்மால லேட் ஆகுமே' என்று சும்மா இருப்பதுதான் பெரிய தப்பு.

இதைத் தவிர்க்க என்ன பண்ணலாம்?

நடை தொடங்கும் முன் குறைந்தது 2 அல்லது 3 நாள் அந்தப் பகுதியில் தங்குங்கள். குஸ்கோவில் இறங்கியதும், சுமார் 2,800 மீட்டர் உயரமுள்ள ஒல்லந்தாய்தம்போ பக்கம் போய்த் தங்குவது உடம்புக்கு எளிது. அங்கேயும் அருமையான இன்கா கோட்டை இருக்கிறது. முதல் 2 நாள் மது வேண்டாம், தண்ணீர் நிறைய குடிக்கணும். உயர நோய்க்கான தடுப்பு மாத்திரை தேவையா என்பதை, கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் ஆலோசனை பெறணும்.

பயணக் காப்பீட்டையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 4,215 மீட்டருக்கு அது பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு முக்கியமான விஷயம். குஸ்கோ ஓட்டல்களில் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, ஆண்டிஸ் மலை மக்களின் பழைய வழக்கம். ஆனால் கோகா இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டுவந்துடாதீங்க. இந்தியாவில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கோகா இலையும் வருகிறது. விமான நிலையத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

உங்கள் கூடாரத்தைத் தூக்குவது யார்?

இந்தப் பயணத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இது. பாதையில் கழுதை, குதிரைகளுக்கு அனுமதி இல்லை. கூடாரம், அடுப்பு, கேஸ் சிலிண்டர், 4 நாள் சாப்பாடு எல்லாமே மனிதர்கள் முதுகில்தான் போகும். இவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டார மலைக் கிராமங்களின் கெச்சுவா விவசாயிகள். நீங்கள் ஊன்றுகோலோடு தடுமாறும் படிக்கட்டில், அவர்கள் மூட்டையோடு உங்களைத் தாண்டி ஓடி, நீங்கள் வருவதற்குள் சமைத்து வைத்திருப்பார்கள்.

ஒரு காலத்தில் அளவில்லாத சுமை, அற்பக் கூலி. 2001-ல் பெரு நாடாளுமன்றம் சுமை தூக்குவோருக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் அதிகபட்சம் 20 கிலோதான் தூக்கலாம், குறைந்தபட்ச தினக்கூலி, உணவு, தங்கும் இடம், காப்பீடு தரணும் என்பது அதன் சாரம். 2022-ல் இதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. சாவடியில் மூட்டையை எடைபோட்டும் பார்ப்பார்கள்.

ஆனால் சட்டம் இருப்பது வேறு, நடப்பது வேறு. அனுமதிச் சீட்டு, ரயில், நுழைவுக் கட்டணம் எல்லாம் எல்லா நிறுவனங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். அப்படியிருக்க ஒரு நிறுவனம் மட்டும் மற்றவர்களைவிட ரொம்ப மலிவாகக் கூட்டிப்போகிறேன் என்றால், எங்கே குறைக்கிறார்கள்? பெரும்பாலும் கூலியில், அல்லது ஆட்களைக் குறைத்து மீதி இருப்பவர்கள் முதுகில் ஏற்றுவதில்.

பணம் கட்டும் முன் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்:

1. உங்கள் உரிமம் இந்த ஆண்டுக்குச் செல்லுமா?

2. சுமை தூக்குவோருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? காப்பீடு உண்டா?

3. இரவில் அவர்கள் எங்கே தூங்குவார்கள்? தரை விரிப்புள்ள கூடாரமா, சாப்பாட்டுக் கூடாரத்தின் ஈரத் தரையா?

4. ஆக்சிஜன் சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும் கூட வருமா?

நேராகப் பதில் வந்தால் சரி. மழுப்பினால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

எப்போது போகலாம்? சீட்டு கிடைக்காவிட்டால்?

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஆனால் ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் உறைநிலைக்குப் போகும். இந்த மாதங்களுக்கான சீட்டு பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் நிலச்சரிவு பயம் உண்டு. 2010 ஜனவரியில் பெய்த பெருமழையில் ரயில் பாதை துண்டிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பயணிகள் சிக்கி, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். 2023 ஜனவரியில் அரசியல் போராட்டத்தால் பாதையும் மச்சு பிச்சுவும் சில வாரங்கள் மூடப்பட்டன. அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு கிடைக்கவில்லையா? 104-வது கிலோமீட்டரில் தொடங்கும் 2 நாள் குறும்பாதை இருக்கிறது. இதுக்கும் அனுமதி வேண்டும், ஆனால் வின்யாய் வைனாவும் சூரிய வாசலும் இதிலேயே வந்துவிடும். சல்கான்தாய் பாதைக்கு இன்கா பாதைச் சீட்டு தேவையில்லை. ஆனால் அங்கே 4,600 மீட்டருக்கு மேல் ஏறணும். நடக்கவே முடியாது என்றால் ரயில் இருக்கவே இருக்கிறது. 2024 முதல் மச்சு பிச்சுவுக்குள்ளும் 3 சுற்றுப்பாதைகளாகப் பிரித்து, நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள். எந்தச் சுற்று என்று பார்த்து வாங்குங்கள், தவறினால் போட்டோவில் பார்த்த அந்தக் காட்சியே கிடைக்காமல் போகலாம்.

கடைசி இரவு, குழுவினர் பணம் சேர்த்து சுமை தூக்குவோருக்கு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். அதற்கு உள்ளூர் 'சோல்' நோட்டுகளைச் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். மலையில் ஏடிஎம் கிடையாது. மறுநாள் காலை நீங்கள் சூரிய வாசலில் நிற்கும்போது, அவர்கள் மூட்டையோடு ரயிலடிக்கு இறங்கிப் போயிருப்பார்கள். நன்றி சொல்ல அந்த இரவு மட்டும்தான் வாய்ப்பு.