மழை பிந்தினால் களை முந்தும்

கமக்காரர்களே! காலநிலை மாறிவருவதால், பருவமழை பிந்தியும் விட்டுவிட்டும் பெய்கின்றது. வயலில் நீர் நில்லாவிடின், நீரின்கீழ் அடங்கிக்கிடந்த நெற்சப்பியும் கோரையும் நெல்லுடன் முளைத்துவிடும். நெற்சப்பி வெப்பத்தையும் நீர்க்குறைவையும் நெல்லைவிட நன்கு தாங்கவல்லது. ஆதலால் நீங்கள் இட்ட பசளை அதற்கே போய்ச்சேரும்.

வறட்சியில் வாடிய களை, களைகொல்லியை நன்கு உறிஞ்சாது. தெளித்தவுடன் மழை பெய்யின் மருந்து கழுவுண்டு போகும். ஆகவே மருந்தை மட்டும் நம்பியிராதீர்கள்.

முதல் மழையில் களையை முளைக்கவிட்டு, உழுது அழியுங்கள். வயலை மட்டப்படுத்தி, வரம்பைக் கட்டி, பயிர் நிலைத்தபின் 2 அங்குல நீரைத் தேக்குங்கள். களைவித்துக் கலவாத விதைநெல்லையே விதையுங்கள். மரக்கறிப் பாத்திகளை வைக்கோலால் மூடுங்கள். பூக்குமுன் களையைப் பிடுங்குங்கள். இப்போகத்தில் உதிரும் வித்தே வரும்போகத்தின் களையாகும்.