கணிதமா, புள்ளியியலா?



பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு இன்ஜினியரிங் ஒன்றே வழி என்று நினைத்து, கல்விக் கடனுதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வருகிறார்கள். பி.எஸ்சி. கணிதமும் புள்ளியியலும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

பள்ளிக் கணக்கில் விடை வந்தால் போதும். கல்லூரியிலோ அது ஏன் எப்போதும் சரி என்று நிரூபிக்க வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் முதல் பருவத்தில் திணறுவார்கள்; நானும் திணறியவன்தான்.

புள்ளியியலுக்கு நம் ஊர் ஜரிகையே உதாரணம். அதில் வெள்ளி எவ்வளவு என்று ரசாயன முறையில் சோதித்தால், சோதித்த இழை வீண். அதனால் கொஞ்சம் எடுத்துப் பார்த்துத்தான் மொத்தச் சரக்கையும் மதிப்பிட முடியும். எத்தனை கட்டிலிருந்து எடுப்பது, மதிப்பீடு தவறாகப் போக வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் புள்ளியியல். மருந்துக் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் இதே கணக்குத்தான்.

யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். வெறும் கணிதப் பட்டம் போதாது. கணிதத்தில் சேருகிறவர்கள் இதைக் கல்லூரியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

1931-இல் மஹலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் தருகிறார்கள். பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்குகிறவர்களுக்குச் சிறுசேரியிலேயே சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. மனப்பாடம் அங்கே செல்லாது. பிளஸ் ஒன்னிலேயே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் நிரப்ப அலுவலகத்துக்கு வாருங்கள், உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.